டிஸ்க் போய்விட்டது, கழற்றலாமா?

தீபத்துக்கு முதல் நாள் திருவண்ணாமலைக்குப் பார்சல் வராது. வண்டிகளை ஊர் எல்லையிலேயே மடக்கிவிடுவார்கள். வெளியூர் பஸ்கள் தற்காலிக நிலையங்களோடு நின்றுவிடும். அங்கிருந்து கோயிலுக்கு நடைதான். அப்படி ஒரு நாள் காலையில் போன் வந்தது. ஊருக்குள் ஒரு சிறிய நிறுவனம், பெயர் வேண்டாம். திருவிழாப் படப்பதிவுகளையும் பழைய ஆவணங்களின் ஸ்கேன்களையும் மூன்று சர்வர்களில் வைத்திருக்கிறார்கள். சர்வருக்கு நான்கு டிஸ்க், ஆக மொத்தம் பன்னிரண்டு. எதை எழுதினாலும் சர்வருக்கு ஒன்றாக மூன்று பிரதி.

“அண்ணா, ஒரு டிஸ்க் போயிடுச்சு. ஸ்கிரீன்ல எட்டாம் நம்பர் டவுன்னு காட்டுது. கழட்டிடட்டுமா?”

“எதைக் கழட்டப் போற?”

“எட்டாவதுதான். ரெண்டாவது சர்வர்ல கடைசி.”

“கைய எடு.”

மூன்று சர்வர்களையும் சேர்த்து ஓட்டும் மென்பொருள் டிஸ்க்குகளுக்குப் பூஜ்யத்திலிருந்து எண் போடும். 0 முதல் 3 வரை முதல் சர்வர், 4 முதல் 7 வரை இரண்டாவது. எட்டு என்றால் மூன்றாவது சர்வரின் முதல் டிஸ்க். தம்பி ஒன்றிலிருந்து விரல்விட்டு எண்ணியிருக்கிறார். அவர் சொன்ன தட்டை இழுத்திருந்தால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் ஒன்று கையோடு வந்திருக்கும். மூன்றாவது சர்வரிலேயே வேறொன்றைத் தவறாக இழுத்திருந்தாலும் பெரிய மோசமில்லை. மற்ற இரண்டு சர்வர்களில் இரண்டு பிரதி பத்திரமாக இருந்திருக்கும். சர்வர் மாறினால்தான் வினை. இரண்டு டிஸ்க்கிலும் பங்கு வைத்திருந்த கோப்புகளுக்கு ஒரே பிரதி மிஞ்சும். பிரதி இரண்டுக்குக் கீழே போனால் அந்த மென்பொருள் அந்தப் பகுதியைப் படிக்கவும் விடாது, எழுதவும் விடாது.

கெட்டுப்போன டிஸ்க்கை மாற்றுவது திருகாணி வேலை, ஐந்து நிமிடம். அதற்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது, எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும், பெரிய இடங்களில் எழுதப்பட்ட பாடம் நம்மூர் மூன்று சர்வருக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துக்கொள்வோம். இந்தத் துறையில் சர்வர் கூட்டத்துக்குக் கிளஸ்டர் என்று பெயர். அதில் ஓடும் மென்பொருள் ஒன்றின் பெயரோ குளஸ்டர். ஆங்கிலத்தில் முதல் ஒலி வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒட்டிப்பிறந்த பிள்ளைகள் மாதிரி ஆகிவிடுகின்றன. அதனால் சர்வர் கூட்டத்தை இங்கே ‘கொத்து’ என்றே சொல்கிறேன். டிஸ்க்கை வன்தட்டு என்று எழுத எனக்கும் ஆசைதான். சென்னை ரிச்சி தெருவில் போய் வன்தட்டு கேட்டவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

டிஸ்க் எவ்வளவு அடிக்கடி சாகும்? தயாரிப்பாளர்களின் விவரத்தாளில் சராசரி ஆயுள் 10 லட்சம் முதல் 15 லட்சம் மணி நேரம் என்று இருக்கும். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 0.88 சதவீதத்துக்கு மேல் சாகக் கூடாது. 2007-இல் பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளின் மாற்றுப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். களத்தில் 2 முதல் 4 சதவீதம் சாதாரணமாக இருந்தது. சில இடங்களில் 13 வரை போனது. அதே ஆண்டு கூகுளின் பின்ஹெய்ரோ, வெபர், பரோசோ மூவரும் தங்கள் கூடங்களில் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பற்றி எழுதினார்கள். அதில் இரண்டு செய்திகள் நமக்கு முக்கியம். வெப்பத்துக்கும் சாவுக்கும் உள்ள தொடர்பு எல்லோரும் நினைத்ததைவிட மெலிதாக இருந்தது. திருவண்ணாமலை வெயிலில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது சற்று ஆறுதலாகத்தான் இருக்கிறது. இரண்டாவது செய்தியில் ஆறுதல் இல்லை. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவுசெய்யும் ‘ஸ்மார்ட்’ குறிப்புகளில் நான்கை வலுவான எச்சரிக்கை என்று அவர்கள் கண்டார்கள். இறந்த டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கு மேல் அந்த நான்கில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயிருந்தன. காய்ச்சல்கூட வராமல் போய்ச் சேர்ந்தவர்கள் மாதிரி.

அண்மைக் கணக்கு வேண்டுமென்றால் பேக்பிளேஸ் நிறுவனம் 2013 முதல் தன் டிஸ்க் சாவுகளை வெளியிட்டு வருகிறது. 2023-இல் அது 1.40 சதவீதம். இந்த எண்ணைப் பன்னிரண்டு டிஸ்க் உள்ள கொத்துக்குப் போட்டால் ஆறு ஆண்டுக்கு ஒரு சாவு. ஷ்ரோடர் கண்ட 4 சதவீதத்தைப் போட்டால் இரண்டு ஆண்டுக்கு ஒன்று.

சிக்கல் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. ஃபேஸ்புக்கின் ஒரு கிடங்குக் கொத்தில் நாளொன்றுக்கு ஐம்பது இயந்திரம்போல ஏதோ ஒரு காரணத்தால் கைவிட்டுப் போகிறது என்று 2013-இல் வெளியான ஆய்வு சொன்னது. அங்கே மாற்றுவது அன்றாட வேலை. கை தானாகப் பழகிவிடும். நம்மூரில் இரண்டிலிருந்து ஆறு ஆண்டுக்கு ஒருமுறை. போன தடவை மாற்றியவர் அதற்குள் பெங்களூருக்கு வேலை மாறிப் போயிருப்பார். இப்போது மாற்றப்போகிற தம்பிக்கு இதுதான் முதல் தடவை, அதுவும் தீபத்துக்கு முதல் நாள். டிஸ்க் சாவது அரிதாக இருப்பதே சிறிய கொத்துக்கு ஆபத்து.

டிஸ்க் சாவைச் சமாளிக்கும் பழைய வழி ரெய்டு. 1988-இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவர் எழுதிய கட்டுரை அதற்குப் பெயர் வைத்தது. ஒரே பெட்டிக்குள் சில டிஸ்க்குகள், ஒன்று போனால் மற்றவற்றைக் கொண்டு அதன் உள்ளடக்கத்தைத் திரும்பக் கணக்கிட்டுப் புது டிஸ்க்கில் எழுதலாம். அந்த முறையில் எல்லாமே புது டிஸ்க் ஒன்றின் எழுதும் வேகத்தில் வந்து நிற்கிறது. 20 டெராபைட் டிஸ்க்கை நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் நிரப்ப இருபத்தேழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் அடுத்த டிஸ்க் சாகாமல் இருக்க வேண்டும்.

கூகுள் 2003-இல் வெளியிட்ட கோப்பு முறைமைக் கட்டுரை இதைத் தலைகீழாக்கியது. கோப்பை 64 மெகாபைட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பிரதியை வேறுவேறு சர்வர்களில் தூவிவிடுவது. ஒரு சர்வர் செத்தால் அதிலிருந்த துண்டுகளின் மற்றப் பிரதிகள் கொத்து முழுக்கச் சிதறிக் கிடக்கும். எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் படித்து, ஆளுக்குக் கொஞ்சம் எழுதுவார்கள். சோதனைக்காக 600 கிகாபைட் வைத்திருந்த ஒரு சர்வரை அவர்கள் வேண்டுமென்றே கொன்றார்கள், 23.2 நிமிடத்தில் எல்லாம் திரும்ப மூன்று பிரதியானது. பிறகு இரண்டு சர்வர்களை ஒன்றாகக் கொன்றார்கள். 266 துண்டுகளுக்கு ஒரே பிரதிதான் மிஞ்சியது. மற்ற எதையும் தொடுவதற்கு முன் அந்த 266-ஐ முன்னுக்கு இழுத்து, இரண்டே நிமிடத்தில் இரண்டு பிரதியாக்கிவிட்டது அந்த அமைப்பு. நிறைய நோயாளிகள் வந்தால் மூச்சு நிற்கப்போகிறவரை முதலில் பார்ப்பது மாதிரி. இன்றைய கொத்து மென்பொருள்கள் பெரும்பாலும் இந்த வரிசையையே பின்பற்றுகின்றன.

இவற்றில் பரவலானது செஃப். கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் சேஜ் வெய்ல் முனைவர் பட்டத்துக்காகச் செய்த வேலை. 2006-இல் கட்டுரையாக வந்தது. கணவாய், ஆக்டோபஸ் இனத்தின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி வைத்த பெயர். எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று பதிவேடு வைக்காமல், துண்டின் பெயரையும் கொத்தின் வரைபடத்தையும் வைத்துக் கணக்குப் போட்டே இடத்தைக் கண்டுபிடிக்கும். வரைபடம் மாறினால் இடமும் மாறும். டிஸ்க் மாற்றும்போது இதை மறந்தால் கொத்து இரண்டு முறை உழைக்கும்.

செஃப்பில் டிஸ்க் செத்தால் நடப்பதைச் சொல்கிறேன். டிஸ்க்கைப் பார்த்துக்கொள்ளும் செயலிகள் ஒன்றையொன்று சில நொடிக்கொருமுறை ‘இருக்கிறாயா’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். இருபது நொடி பதில் இல்லையென்றால் ‘டவுன்’. அதோடு எதுவும் நகராது. சர்வர் ரீபூட் ஆகிக்கொண்டிருக்கலாம், யாராவது கேபிளைத் தட்டியிருக்கலாம். 600 நொடி பொறுத்துப் பார்த்து, அதற்கும் வரவில்லையென்றால் ‘அவுட்’. அப்போதுதான் மற்ற டிஸ்க்குகளுக்குப் பிரதி எடுக்கத் தொடங்கும். நூறு சர்வர் உள்ள இடத்தில் இது நல்ல ஏற்பாடு. மூன்று சர்வர் கொத்தில்?

சர்வருக்கு ஒரு பிரதி என்பது விதி. மூன்றாவது சர்வரின் டிஸ்க் செத்தால் அதன் சரக்கு முதல் இரண்டு சர்வர்களுக்குப் போக முடியாது. அங்கே ஏற்கெனவே ஒவ்வொரு பிரதி இருக்கிறது. ஆக, மூன்றாவது சர்வரில் மிஞ்சியிருக்கும் மூன்று டிஸ்க்குகளே முழுச் சுமையையும் தாங்க வேண்டும். நான்கு டிஸ்க்கும் 70 சதவீதம் நிறைந்திருந்தால், மூன்றில் அது 93 ஆகும். செஃப் 85-இல் எச்சரிக்கும், 90-இல் புதுச் சரக்கை உள்ளே விட மறுக்கும், ஒரு டிஸ்க் 95-ஐத் தொட்டால் எழுதுவதையே நிறுத்திவிடும்.

அந்தத் தம்பியின் கொத்தும் செஃப்தான்; அவர் திரையில் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. டிஸ்க் இரவிலேயே செத்திருக்கிறது. பத்து நிமிடம் கழித்துக் கொத்து தானாகக் குணமாகப் பார்த்து, 9, 10, 11 மூன்றும் 90-இல் முட்டி நின்றுவிட்டன. பெரும்பாலான சரக்குக்கு மூன்று பிரதி திரும்பியிருந்தது, மீதிக்கு இரண்டு. படிக்கலாம், எழுதலாம்; மறுநாள் தீபப் பதிவு முழுவதையும் அதில் கொட்டினால் 95 வந்துவிடும். செத்த டிஸ்க் ஒன்று. நின்றிருக்கக்கூடியதோ கொத்து முழுவதும்.

மாற்று டிஸ்க் கையில் இல்லை. சென்னையிலிருந்து வர வேண்டும், வராது. அன்றைக்கு எடுத்த முடிவு இதுதான்: பழைய டிஸ்க்கைத் தொடாதே, கொத்தில் புதிதாக எதையும் எழுதாதே, தீபப் பதிவை வெளி டிஸ்க் இரண்டில் இரண்டு பிரதியாக எடு. தம்பிக்கு மனம் ஆறவில்லை. “சும்மா விட்டுட்டா எப்படிண்ணா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இந்த வேலையில் சும்மா இருப்பதுதான் கஷ்டம்.

குளஸ்டர் வேறு குணம். இதற்குப் பின்னால் ஒரு தமிழர் இருக்கிறார்: அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி. பெயரில் அண்ணாமலை இருந்தாலும் அது சிதம்பரத்துப் பல்கலைக்கழகம். குளஸ்டருக்கு முன், 2004-இல் உலகின் இரண்டாவது வேகமான கணினியாக இடம்பெற்ற ‘தண்டர்’ உருவாக்கத்தில் வேலை பார்த்தவர். 2005-இல் தொடங்கிய குளஸ்டர் நிறுவனத்தை 2011-இல் ரெட் ஹாட் 13.6 கோடி டாலருக்கு வாங்கியது. 2014-இல் செஃப்புக்குப் பின்னிருந்த இங்க்டாங்கையும் அதே ரெட் ஹாட் வாங்கிக்கொண்டது. பெரியசாமி அந்த ஆண்டு மினையோ என்ற புது நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார்.

குளஸ்டரில் டிஸ்க் செத்தால் அது பாட்டுக்கு எதையும் நகர்த்தாது. மீதி இரண்டு பிரதியோடு வேலை நடக்கும். எந்தெந்தக் கோப்பு செத்த டிஸ்க்குக்குப் போய்ச்சேரவில்லை என்று பாக்கிப் பட்டியல் மட்டும் எழுதி வைத்திருக்கும். நீங்கள் புது டிஸ்க்கைப் போட்டு, பழையதற்குப் பதில் இது என்று சொன்ன பிறகுதான் நிரப்பத் தொடங்கும். பாக்கி பூஜ்யமாகும்வரை பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சின்னச் சின்னக் கோப்புகள் லட்சக்கணக்கில் இருந்தால் அது தேர் நிலைக்கு வருவதுபோல மெல்ல மெல்லத்தான் நகரும். ஆனால் 90-இல் முட்டி நிற்கும் ஆபத்து இல்லை. இன்னொரு நன்மை, டிஸ்க்குக்குள் இருப்பது சாதாரணக் கோப்புகள்தான். மென்பொருளே படுத்துவிட்டாலும் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிப் படிக்கலாம். செஃப்பில் அது நடக்காது. சிறிய இடத்துக்குக் குளஸ்டரின் இந்த எளிமை பெரிய பலம் என்று நெடுநாள் சொல்லிவந்தவன் நான். இன்று புதிதாகத் தொடங்குகிறவருக்கு அப்படிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது: ரெட் ஹாட் தன் குளஸ்டர் விற்பனைப் பொருளுக்கான ஆதரவை 2024 டிசம்பரோடு முடித்துக்கொண்டது.

மூன்று பிரதி என்றால் மூன்று மடங்கு இடம். அதைக் குறைக்கத்தான் பிழைதிருத்தக் குறிமுறை. வேர் 1960-இல் ரீடும் சாலமனும் எழுதிய கட்டுரை. பத்துத் துண்டுக்கு நான்கு உபரித் துண்டு கணக்கிட்டு வைத்தால் எந்த நான்கு போனாலும் மீட்கலாம், இடமோ 1.4 மடங்குதான். விலை வேறிடத்தில் வரும். போன ஒரு துண்டை மீட்க மற்றவற்றில் பத்தைப் படிக்க வேண்டும். முன்னே சொன்ன ஃபேஸ்புக் ஆய்வில் கே. வி. ரஷ்மியும் உடனிருந்தவர்களும், இப்படி மீட்பதற்காக மட்டும் நாளொன்றுக்கு 180 டெராபைட்டுக்கு மேல் அந்தக் கொத்தின் ரேக்குகளுக்கிடையே ஓடுவதைக் காட்டினார்கள். துண்டு தொலைந்த தொகுதிகளில் 98 சதவீதத்தில் தொலைந்தது ஒரே ஒரு துண்டு. நான்கு போனால் என்ன ஆகும் என்று கவலைப்பட்டுக் கட்டிய வீட்டில், தினமும் நடப்பது ஒன்று போவதுதான்.

அந்த ஒன்றை மலிவாக மீட்பது எப்படி என்பதில் நம் பக்கத்து ஊர்க்காரர்களுக்குப் பங்கு உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பி. விஜய் குமாரின் குழு 2018-இல் ‘கிளே’ குறிமுறையை வெளியிட்டது. உதவிக்கு வரும் ஒவ்வொரு டிஸ்க்கும் தன் துண்டை முழுதாகக் கொடுக்காமல் அதில் ஒரு பகுதியை மட்டும் கொடுத்தால் போதும். 1.25 மடங்கு இடத்தில், ஒரு துண்டை மீட்கும் வலைப்போக்குவரத்து 2.9 மடங்கும், டிஸ்க் படிப்பு 3.4 மடங்கும் குறைந்ததாகச் செஃப்பிலேயே ஓட்டிக் காட்டினார்கள். பின்னர் அது செஃப்போடு சேர்ந்தும் வந்தது. மூன்று சர்வர்காரருக்கு இதெல்லாம் படித்து மகிழ மட்டும். அவர் மூன்று பிரதியோடு இருப்பதே நல்லது.

பிரதி எங்கே இருக்கிறது என்பதும் எண்ணிக்கை அளவுக்கு முக்கியம். பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி செங்கல் கோயில்களைக் கற்றளியாக்கியபோது, இடிக்க வேண்டிய சுவரில் இருந்த பழைய கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டச் செய்தார். திருக்கோடிக்காவலில் அப்படி வெட்டியவை ‘பழங்கற்படி’ என்ற குறிப்போடு இன்றும் இருக்கின்றன. ஊடகம் மாறியது, இது மூலமல்ல பிரதி என்ற தகவலும் கூடவே ஏறியது. எங்கள் தொழிலில் சரக்கோடு சேர்த்துச் சரிபார்ப்பு எண்ணை எழுதி வைப்பது இதற்குத் தூரத்து உறவு. ஆனால் மூலமும் பிரதியும் ஒரே கோயிலில். திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்தபோது எத்தனையோ கோயில்களில் எழுத்து மழுங்கிப்போனது. திருவண்ணாமலைக் கல்வெட்டுகள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவை. சுவரில் இருப்பதோடு, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பி. ஆர். சீனிவாசனைக் கொண்டு தொகுத்து 1990-இல் அச்சிட்ட நூலிலும் இருக்கின்றன. இரண்டு பிரதி, இரண்டு ஊர். ஒரே யுபிஎஸ்ஸில் மூன்று சர்வரையும் சொருகி வைத்துவிட்டு மூன்று பிரதி இருக்கிறது என்று சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். தவறுதலாக அழித்துவிட்டால் மூன்று பிரதியும் ஒன்றாக அழியும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

தீபம் முடிந்து மூன்றாம் நாள் டிஸ்க் வந்தது. கழற்றுவதற்கு முன் தம்பி ‘இதை அழித்தால் பாதுகாப்பா’ என்று கொத்தையே கேட்கும் கட்டளையைக் கொடுத்தார். செஃப்பில் அது உண்டு. பலர் அதைக் கேட்பதே இல்லை. முடியாது என்று பதில் வந்தது. 90-இல் முட்டி நின்ற மீதிக்கு இன்னும் மூன்றாம் பிரதி இல்லையே. டிஸ்க்கில் ஏதாவது உயிர் இருந்திருந்தால் அந்தப் பதிலுக்குக் கட்டுப்பட்டிருப்போம். அது சுழலவே இல்லை. ஒவ்வொரு சரக்குக்கும் மற்ற சர்வர்களில் இரண்டு பிரதி முழுதாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு மேலே போனோம்.

டிஸ்க்கை நீக்கும்போது எண்ணையும் சேர்த்து வரைபடத்திலிருந்து எடுத்துவிடுவது பலர் செய்யும் தவறு. எடுத்தால் வரைபடம் மாறும், சரக்கு ஒருமுறை நகரும். புது டிஸ்க் புது எண்ணோடு வந்தால் மறுபடி நகரும். எண்ணை வைத்துக்கொண்டு டிஸ்க்கை மட்டும் ‘அழிந்தது’ என்று குறித்தால், புதியது அதே எட்டாம் எண்ணில் உட்காரும். அதற்கு வர வேண்டியது மட்டும் வரும். பிறகு சீரியல் எண். மூன்றாவது சர்வரில் எட்டாம் டிஸ்க்கின் சீரியல் எண் என்ன என்று திரையில் பார்த்து, கடைசி நான்கு எழுத்தைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். தட்டைப் பாதி இழுத்து, லேபிளை டார்ச் அடித்துப் பார்த்து, நான்கும் ஒத்துப்போன பிறகுதான் முழுதாக இழுத்தார். தூசி அப்பியிருந்தது. பழைய தட்டிலிருந்து நான்கு திருகாணிகளைக் கழற்றிப் புதியதில் மாட்டும்போது ஒன்று கீழே உருண்டு ரேக்குக்கு அடியில் போய்விட்டது. மூன்றோடு ஓட்டினோம். இன்றுவரை மூன்றுதான்.

5.6 டெராபைட். பகல் வேலை கெடாமல் நொடிக்கு 100 மெகாபைட் போல விட்டோம். பதினாறு மணி நேரம். மறுநாள் காலை திரை பச்சைக்கு வந்தது. செத்த டிஸ்க்கை உத்தரவாதத்துக்கு அனுப்பவில்லை. அதிலிருந்தது குறியாக்கம் செய்யாத ஆவணங்கள். கடைக்காரர் மேசையில் அதைப் போட மனம் வரவில்லை. புது டிஸ்க்கைக் குறியாக்கத்தோடு போட்டிருக்கிறோம்.

இப்படி ஒரு கொத்தை வைத்திருப்பவர்களிடம் மூன்று வேலை கேட்கிறேன். ஒவ்வொரு தட்டின் முகப்பிலும் சர்வர் எண், டிஸ்க் எண், சீரியலின் கடைசி நான்கு எழுத்து ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். கூட்டமில்லாத ஒரு நாளில், பௌர்ணமி பார்த்து விலக்கி, நல்ல டிஸ்க் ஒன்றை வேண்டுமென்றே கழற்றி மாற்றிப் பழகுங்கள். அந்தப் பதினாறு மணி நேரத்தை ஒருமுறை கூடவே இருந்து பாருங்கள். கொத்து எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது என்று இன்றே பார்த்துவிடுங்கள். சர்வருக்கு நான்கு டிஸ்க் என்றால் 63-க்கு மேல் போயிருக்கக் கூடாது. போயிருந்தால் புது டிஸ்க்குகளை இப்போதே வாங்குங்கள், அலமாரிக்கு ஒன்று கூடுதலாக.